தராசு நன்றாக ஓடுகிறது, மென்பொருளில் மட்டும் ‘டைம் அவுட்’: எங்கே பார்ப்பது?

யூஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக ஆய்வகத் தராசைக் கணினியில் இணைத்திருக்கிறீர்கள். தராசின் திரையில் எடை வருகிறது, மென்பொருளோ ‘டைம் அவுட்’ (காத்திருந்தும் பதில் வரவில்லை) என்கிறது. உடனே மென்பொருளை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம்.

முதலில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண்ணை (மாற்றிக்கு விண்டோஸ் தரும் COM3 போன்ற அடையாளம்) பாருங்கள். மாற்றியை வேறு யூஎஸ்பி துளையில் செருகினாலே விண்டோஸ் புது எண் கொடுத்துவிடலாம். மென்பொருள் பழைய எண்ணிலேயே காத்திருக்கும்.

எண் சரி என்றால், மென்பொருளை மூடிவிட்டு (ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும்) புட்டி (PuTTY) போன்ற டெர்மினலில் (கட்டளையைத் தட்டி அனுப்பி, பதிலைப் பார்க்கும் நிரல்) அதே போர்ட்டைத் திறந்து, கையேட்டில் உள்ள கட்டளை ஒன்றை அனுப்புங்கள். நான் மிகவும் நம்பும் சோதனை இது. பதில் ஒழுங்காக வந்தால் கேபிளும் கருவியும் நலம், கோளாறு மென்பொருள் அமைப்பில். குப்பை எழுத்துகள் வந்தால் பாட் ரேட்டோ (தரவு போகும் வேகம்) பாரிட்டியோ (பிழை சரிபார்க்கும் பிட்) பொருந்தவில்லை. பாட் ரேட் ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 19200 என்றிருக்கும்.

எதுவுமே வரவில்லையா? கட்டளையின் முடிவுக் குறியைச் சந்தேகப்படுங்கள். புட்டியில் என்டர் தட்டினால் சிஆர் (CR, வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி) மட்டுமே போகும். எல்எஃப்பும் (LF, அடுத்த வரிக்குப் போகும் குறி) வேண்டும் என்கிற கருவி, கட்டளை இன்னும் முடியவில்லை என்று பேசாமல் இருக்கும். என்டருக்குப் பின், எல்எஃப் அனுப்பும் கன்ட்ரோல்-ஜே அழுத்திப் பாருங்கள். அப்புறம் கேபிள்: 9 முள் இணைப்பில் தரவைக் கொண்டுபோகும் 2, 3 ஆம் முள்கள் நேராகப் போக வேண்டுமா, குறுக்காகவா என்பது கருவிக்குக் கருவி மாறும்.

சும்மா விட்டால் மட்டும் இணைப்பு அறுந்துபோகிறது என்றால், விண்டோஸ் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை மின்சாரம் மிச்சப்படுத்த உறங்க வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.