ஆகாய நடைமேம்பாலத்தை விட்டு இறங்கிய பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாயார் சக்கர நாற்காலியில்தான் வெளியே வர முடியும். சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தில் ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் நடைபாதையில் ஏறவே இரண்டு பேர் நாற்காலியைத் தூக்க வேண்டியிருந்தது; ஏறிய பிறகும் இருசக்கர வாகனங்கள் வழியை மறித்தன. இவ்வளவு செலவு செய்தும் எங்களுக்கு ஏன் பயன்படவில்லை?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் 'இடையில்' என்ற ஒரு சொல்லில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. பாண்டி பஜாரில் பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை வரையிலான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. மாம்பலம் நிலையத்தைத் தியாகராய நகர் பேருந்து நிலையத்தோடு இணைக்கும் 570 மீட்டர் நீள நடைமேம்பாலம், மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகியவற்றோடு 2023 மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டும் நல்ல பணிகள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ரங்கநாதன் தெரு வழியாகக் கைக்குழந்தையோடு ரயிலடிக்குப் போனவர்களுக்கு அந்த மேம்பாலத்தின் அருமை தெரியும். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாதை முழுவதும் சரியாக இருந்து, ஒரே ஓர் இடத்தில் படி இருந்தாலும், அவருடைய பயணம் அந்தப் படியோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் படியைச் சரிசெய்வது பெரிய பொறியியல் வேலையும் அல்ல. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், நடப்பதற்குத் தடையின்றி 1.8 மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்றும் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆக, 15 சென்டிமீட்டர் ஏறுவதற்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். பல தெருக்களில் அரை மீட்டருக்குள் சிமென்ட்டைக் குவித்துவிட்டு அதையே சாய்தளம் என்கிறார்கள். அதில் நாற்காலி பின்னோக்கிச் சாயும் ஆபத்து இருப்பதால், அது இல்லாமல் இருப்பதே மேல் என்பேன். வாகனங்கள் ஏறாமல் தடுக்க நடும் கம்பங்களுக்கு நடுவிலும் நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது விட வேண்டும்.

பேருந்துக்கும் இதே கதைதான். 2024 ஆகஸ்டு முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை ஓட்டுகிறது. நிறுத்தத்தில் வேறு வாகனங்கள் நின்றால் பேருந்து நடுச்சாலையிலேயே நிற்கிறது. அப்போது அதன் சாய்பலகை நடைபாதையைத் தொடாமல் சாலையில் இறங்குகிறது, ஏற்றம் செங்குத்தாகிவிடுகிறது. பேருந்து வாங்கும் துறை ஒன்று, நடைபாதை போடும் துறை வேறொன்று, வாகனங்களை அகற்றும் துறை மற்றொன்று என்று இருக்கும் வரை இந்தக் குறை தானாகத் தீராது. நடை, சைக்கிள் போன்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்ற மாநகராட்சி நம்முடையது என்பதால்தான் எனக்கு ஆதங்கம் கூடுதலாக இருக்கிறது.

உங்கள் தாயாரின் நாற்காலி நின்றுபோன ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து, அருகிலுள்ள கடையின் கதவு எண்ணோடு மாநகராட்சியின் 1913 எண்ணில் தனித்தனிப் புகாராகப் பதிவு செய்யுங்கள். 'நடைபாதை சரியில்லை' என்ற பொதுப் புகாரை எளிதாக முடித்துவைத்துவிடலாம். இன்ன கதவு எண்ணுக்கு எதிரே சாய்தளம் இல்லை என்ற புகாரை, நேரில் பார்க்காமல் முடித்துவைப்பது கடினம்.

கேள்வி: நடைபாதைக் கடைகளை அடியோடு அகற்றினால் நடக்க இடம் கிடைத்துவிடாதா?
– ஒரு வாசகர், சைதாப்பேட்டை

பதில்: கிடைக்கும் இடத்தில் மறுநாளே இருசக்கர வாகனங்கள் நிற்கும். பூக்காரரும் பழக்கடைக்காரரும் இருப்பதால்தான் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் அந்தத் தெருவில் தயக்கமில்லாமல் தனியாக நடக்கிறார். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து, அவர்களுக்குச் சான்றிதழும் இடமும் ஒதுக்க வேண்டும். அதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். நடப்பவருக்கு 1.8 மீட்டரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள அகலத்தில் கடைக்கும் மரத்துக்கும் இருக்கைக்கும் கோடு கிழித்துக் கொடுப்பதுதான் குழுவின் வேலையாக இருக்க வேண்டும். அந்த மிச்சம் கிடைக்காத குறுகிய தெருக்களில், அகற்ற வேண்டியவை முதலில் வாகனங்கள்தான்.