காரைக்குடி சிக்ரி பிறந்த கதை: கேள்விகளும் பதில்களும்

காஸ்டிக் சோடா ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உப்பும் மின்சாரமும் சேர்ந்து என்னவெல்லாம் தரும் என்பதுதான் வாழ்நாள் முழுக்க என் தொழில். அதனால் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்ப கால வரலாற்றில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘சிக்ரி’. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. வரலாறும் தொழில்நுட்பமும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அட்மிஷன், வேலைவாய்ப்பு பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஆசிரியை: சிக்ரி தொடங்கியது 1948இலா, 1953இலா? இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறார்கள்.

இரண்டும் சரி அம்மா, ஆனால் இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சிகள். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நடுவில் நாலரை வருஷம். அந்த நாலரை வருஷத்தில்தான் பொட்டல் காடு ஆய்வுக்கூடமாக மாறியது. அடிக்கல் நாளையும் திறப்பு நாளையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். மாணவர்களுக்கு எழுதிப் போடும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: அழகப்பச் செட்டியார் எவ்வளவு கொடுத்தார்? ஏன் கொடுத்தார்?

300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். 1940களின் 15 லட்சம் அது. இன்றைய 15 லட்சமாக நினைத்துவிடாதீர்கள்.

கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, பிறகு மலேயாவில் ரப்பர், வெள்ளீயம், கேரளத்தில் ஜவுளி ஆலை. படித்ததற்கும் செய்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் அவர் கொடுத்த கொடைகளைப் பாருங்கள். கிண்டியில் இன்றும் ஏ.சி. டெக் என்று சொல்கிறோமே, அந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் கொடுத்தது 1940களின் முதல் பாதியில். 1947இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் கேட்டார். காரைக்குடியில் ஒன்று தொடங்குகிறேன் என்று மேடையிலேயே சொன்னார் அழகப்பர். அதே வருஷம் கல்லூரி தொடங்கிவிட்டது. சிக்ரிக்கான நிலமும் பணமும் அடுத்து வந்தவை. கல்லூரி, அதன் பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் என்று ஒரு நகரத்தையே மனதில் வைத்திருந்தார் என்பது தெரிகிறது.

1957 ஏப்ரலில் காலமானார். அப்போது வயது 47தான், மறுநாள் 48வது பிறந்தநாள். நிறுவனம் திறந்ததைப் பார்த்தார், வளர்ந்ததைப் பார்க்கவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: சிக்ரியில் பி.டெக். சேர கட்-ஆஃப் எவ்வளவு?

மேலேயே சொன்னேன். அதிகாரபூர்வ அறிவிப்பைப் பாருங்கள்.

திருச்சி: தேர்தல் மை சிக்ரி கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பெருமையாக இருந்தது.

அது சிக்ரி இல்லை. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. மைசூரில் உள்ள பெயின்ட் தொழிற்சாலை தயாரிக்கிறது. 1962 பொதுத்தேர்தலில் பயன்பாட்டுக்கு வந்தது. பெருமைப்பட சிக்ரிக்குச் சொந்தமான விஷயங்களே நிறைய இருக்கின்றன. அடுத்தவருடையதை எடுத்து ஒட்ட வேண்டாம்.

ஈரோடு: ஐயா, ஒரு அடிப்படைக் கேள்வி. மின்வேதியியலுக்கு மின்சாரம் வேண்டும், ஆலைகள் வேண்டும். காரைக்குடியில் இரண்டும் இல்லை. மேட்டூரிலோ கோவையிலோ வைத்திருக்க வேண்டிய நிறுவனத்தைக் கொடையாளர் ஊருக்குக் கொண்டுபோனது தவறான முடிவு இல்லையா?

நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அந்த மின்சாரத்தை நம்பித்தான் அங்கே ரசாயன ஆலை வந்தது. ஆலுவாயில் 1943இல் அலுமினியம் உருக்கத் தொடங்கியதும் பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பித்தான். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் இந்தத் தொழில்கள் பிழைக்கும்.

ஆனால் ஆலை வேறு, ஆய்வுக்கூடம் வேறு. ஆய்வுக்கூடத்துக்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. நிலம், கட்டடம், கருவிகள், ஆட்கள்தான் தேவை. 1940களின் கடைசியில் இந்திய அரசிடம் பணம் இல்லை. சிக்ரி போன்ற தேசிய ஆய்வுக்கூடங்களை நடத்தும் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) தலைமைப் பொறுப்பில் இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் எப்படிக் கட்டினார் என்று வரிசையாகப் பாருங்கள். புனேயில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு டாடா அறக்கட்டளை பணம் கொடுத்தது. மைசூரில் உணவு ஆராய்ச்சிக்கு மகாராஜாவின் செலுவாம்பா மாளிகை கிடைத்தது. லக்னோவில் மருந்து ஆராய்ச்சி சத்தர் மன்சில் அரண்மனையில் தொடங்கியது. யார் இடம் தருகிறார்களோ, யார் பணம் தருகிறார்களோ, அங்கே போனார். காரைக்குடி அந்த வரிசையில் ஒன்று. தோல் ஆராய்ச்சி மட்டும், தோல் பதனிடும் தொழில் இருந்ததால் சென்னைக்கு இயல்பாக வந்தது. அதற்கும் அடிக்கல் 1948இல்தான்.

ஆகவே கேள்வி காரைக்குடியா மேட்டூரா என்பது இல்லை. காரைக்குடியில் இப்போதா, மேட்டூரில் என்றைக்கோவா என்பதுதான் அன்றைய கேள்வி.

தேவகோட்டை: ஈரோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. செட்டியார் கொடுக்காவிட்டால் தென்னாட்டுக்கு இந்த நிறுவனமே வந்திருக்காது. கொடுத்தவர் மேல் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

அவர் கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, இடத் தேர்வைத்தான் கேட்கிறார். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஈரோடு, மறுபடியும்: அதேதான் ஐயா. நன்றி வேறு, திட்டமிடல் வேறு. பல்கலைக்கழகங்களைப் பலப்படுத்தாமல் தனித் தனி ஆய்வுக்கூடமாகக் கட்டியதைச் சர் சி.வி. ராமனே ‘நேரு–பட்நாகர் விளைவு’ என்று விமர்சித்தாரே?

ஆமாம், சொன்னார். ராமனுடைய கவலை உண்மையானது. ஆராய்ச்சி ஒரு பக்கம், பாடம் நடத்துவது ஒரு பக்கம் என்று பிரிந்துபோனதால் நம் பல்கலைக்கழகங்கள் இழந்தது அதிகம். ஆனால் அந்த விமர்சனத்தைக் காரைக்குடி மேல் வைப்பது பொருந்தாது. இங்கே கல்லூரியும் ஆய்வுக்கூடமும் ஒரே மனிதரின் நிலத்தில் பக்கம் பக்கமாகத்தான் வந்தன. பின்னாளில் சிக்ரிக்குள்ளேயே பி.டெக். படிப்பும் வந்தது.

தேவகோட்டை நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடை இல்லாமல் தொடக்கம் இல்லை, சரி. ஆனால் 15 லட்சத்தில் ஒரு தேசிய ஆய்வுக்கூடம் எழுபது வருஷம் ஓடாது. வருஷா வருஷம் சம்பளம், கருவி, ரசாயனம் எல்லாம் மத்திய அரசின் பணம், அதாவது நம் எல்லோருடைய வரி. கொடையாளர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்த ஊருக்கு வந்து தங்கி வேலை செய்தவர்களை மறந்துவிடுகிறோம். எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

சென்னை, பெண் வாசகர்: என் அப்பா சிக்ரியில் கண்ணாடி ஊதும் பிரிவில் இருந்தார். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். விஞ்ஞானிகள் பெயர் மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. மின்வேதியியல் சோதனைக்குக் கடையில் வாங்கும் பீக்கர் போதாது. மின்வாய், அதாவது கரைசலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி அல்லது தகடு, நுழைய ஒரு கழுத்து, வாயு வெளியேற ஒரு குழாய், இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு தடுப்பு என்று ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ‘செல்’, அதாவது சோதனைக் கலம், தனியாகச் செய்ய வேண்டும். சென்னையில் இருப்பவர் கடை கடையாக ஏறி இறங்கலாம். காரைக்குடியில் இருப்பவர் உள்ளேயே செய்துகொள்ள வேண்டும். உங்கள் அப்பா போன்றவர்கள் ஊதிக் கொடுத்த கண்ணாடி இல்லாமல் எந்த ஆய்வுக் கட்டுரையும் வந்திருக்காது. ஒரு உதவி செய்யுங்கள்: அவரிடம் பழைய படங்களோ குறிப்பேடுகளோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இந்த மாதிரி நினைவுகள் எழுத்தில் வராமலே போய்விடுகின்றன.

காரைக்குடி: சிக்ரி எந்த வருஷம் தொடங்கியது?

முதல் பதிலைப் படியுங்கள். அடிக்கல் 1948, திறப்பு 1953.

கோவை, முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர்: ஆரம்ப காலத்தில் உருப்படியாக என்ன செய்தார்கள்?

நீங்கள் தொழிலில் இருப்பவர், அதனால் கொஞ்சம் உள்ளே போகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பி.பி. டே என்ற பேராசிரியர், மின்சாரத்தை வைத்தே கரிமச் சேர்மங்களை ஒடுக்கும் (எலக்ட்ரான் சேர்த்து வேறு பொருளாக மாற்றும்) வேலையை முன்பே செய்துகொண்டிருந்தார். அந்த மரபு காரைக்குடிக்கு வந்தது. அதைப் பெரிதாக வளர்த்தவர் பின்னாளில் இயக்குநரான எச்.வி.கே. உடுப்பா. அவர் கையாண்ட கருவி சுழலும் எதிர்மின்வாய். மின்வாய் அசையாமல் நின்றால், அதன் மேற்பரப்பில் இருக்கும் பொருள் தீர்ந்து, புதுப் பொருள் மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். மின்னோட்டத்தை அதற்கு மேல் கூட்டினால் ஹைட்ரஜன்தான் வெளியேறும், கரண்ட் வீண். மின்வாயையே சுழற்றினால் புதுப் பொருள் வேகமாக வந்து மோதும், அதே செல்லில் பல மடங்கு உற்பத்தி. நைட்ரோபென்சீனைக் கந்தக அமிலத்தில் இப்படி ஒடுக்கினால் பாரா-அமினோஃபீனால் கிடைக்கும். பாராசிட்டமால் மாத்திரைக்கு அதுதான் மூலப்பொருள்.

இன்னொன்று என் சொந்தத் துறை. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அந்தக் காலத்தில் நேர்மின்வாய் கிராஃபைட். அது தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய இடைவெளி கூடும், வோல்ட் ஏறும், மின்கட்டணம் ஏறும். டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய மின்வாய் தேயாது. அப்படிப்பட்ட டைட்டானிய மின்வாய்களை உள்நாட்டிலேயே செய்யும் முறையைச் சிக்ரி உருவாக்கியது. ஆலையில் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடிப்படை ஆய்வும் இருந்தது. இயக்குநராக இருந்த கே.எஸ்.ஜி. தாஸ், மின்வாய் வழியாக மாறுதிசை மின்னோட்டம் போகும்போது ஒரு சிறு நேர்திசை மின்னழுத்தம் உண்டாவதை அகர்வாலுடன் சேர்ந்து கண்டறிந்து, அதற்கு ‘ரெடாக்ஸோகைனெடிக் விளைவு’ என்று பெயரிட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் சிறிய ஊரில் வந்து அமர்ந்தது, இளைஞர்கள் தேடி வர ஒரு காரணம்.

ராமநாதபுரம்: மண்டபத்தில் சிக்ரிக்கு ஒரு நிலையம் இருக்கிறதே, அது எதற்கு?

துருவை ஆராய. இரண்டு பக்கமும் கடல், எந்நேரமும் உப்புக் காற்று. உலோகத் தகடுகளை வெட்டவெளியில் சட்டங்களில் கட்டிவைத்து, மாதக்கணக்கில் விட்டு, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். பூச்சு தாங்குமா, எந்த எஃகு நிற்கும் என்பதெல்லாம் இப்படித்தான் தெரியும். ஈரோட்டு நண்பர் இதையும் பார்க்க வேண்டும்: காரைக்குடியிலிருந்து மண்டபம் பக்கம். மேட்டூரில் ஆலை கிடைத்திருக்கும், இந்தக் கடல் கிடைத்திருக்காது.

ஈரோடு: அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

இருக்கட்டும். நியாயமான கருத்துதான்.

சிவகங்கை: சிக்ரி அழகப்பா பல்கலைக்கழகத்தின் பகுதியா?

இல்லை. பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. கொடையாளர் ஒருவரே, நிர்வாகம் வேறு.

தூத்துக்குடி: கலைச்செல்வி மேடம் சிக்ரியில் இருந்தவர்தானே?

ஆமாம். சிக்ரியின் முதல் பெண் இயக்குநர். 2022இல் சி.எஸ்.ஐ.ஆர். குழுமத்துக்கே தலைமை இயக்குநரானார், அங்கும் முதல் பெண். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர்.

திண்டுக்கல்: தேர்தல் மை பற்றி…

டெல்லி. மேலே இருக்கிறது.

வேலூர், பிளஸ் ஒன் மாணவர்: வீட்டில் உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டுப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. வருவது குளோரின். மூடிய அறையில் கொஞ்சம் வந்தாலும் நுரையீரலைப் பாதிக்கும். முகக்கவசமும் பயிற்சியும் இருந்த நாங்களே பயந்து பயந்துதான் அதன் பக்கத்தில் நின்றோம். வீட்டு மின்சார இணைப்பில் எந்தக் கம்பியையும் தண்ணீருக்குள் விடாதே.

பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, இதைச் செய்: மயில்துத்தக் கரைசல், இரண்டு செம்புத் தகடு, டார்ச் பேட்டரி, ஒரு அம்மீட்டர். தொடங்கும் முன் இரண்டு தகட்டையும் எடை போட்டுக் குறித்துக்கொள். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1.19 கிராம் செம்பு ஒரு தகட்டில் ஏறும், மற்றதில் அதே அளவு குறையும். உன் பேட்டரியில் ஒரு ஆம்பியர் அவ்வளவு நேரம் நிற்காது, 0.1 ஆம்பியர் வைத்துக் கணக்குப் போடு. முடிந்ததும் தகடுகளைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் மறுபடி எடை போட வேண்டும். கரைசலைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிடாதே. வந்த எடையை எழுதி அனுப்பு, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.