பம்பிங் 60 சதவீதம். பிறகு எதற்கு வால்வு அறுவை சிகிச்சை?

கேள்வி: எனக்கு வயது 54. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ் பின்னால் பிதுங்கிக் கடுமையாகக் கசிவதாக எக்கோவில் தெரியவந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இதயத்தின் பம்பிங் திறன் (இ.எஃப்.) 60 சதவீதம், ரிப்போர்ட்டிலேயே ‘இயல்பு’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: கூடாது. ‘இயல்பு’ என்ற அந்தச் சொல் கசிவில்லாத இதயத்துக்குத்தான் பொருந்தும்.

இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றுகிறது என்பதுதான் இ.எஃப். அந்த ரத்தம் எந்தப் பக்கம் போனது என்று அது பார்ப்பதில்லை. உங்களுக்கு ஒரு பகுதி மகாதமனிக்குப் போகாமல், அழுத்தம் குறைந்த இடது மேலறைக்கே திரும்பிவிடுகிறது. புறவாசல் திறந்து கிடப்பதால் தசைக்கு வேலை எளிது. எண்ணும் உயர்ந்து தெரியும். இத்தனை சலுகை இருந்தும் 60தான் வருகிறது என்றால், தசை தளரத் தொடங்கியிருக்கலாம். வால்வைச் சரிசெய்து கசிவை அடைத்ததும் இ.எஃப். சற்று இறங்குவது வழக்கம். முன்பே தளர்ந்த இதயத்தில் அந்த இறக்கம் நிரந்தரமாகிவிடக்கூடும். அதனால்தான் இத்தகைய கசிவில் இ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலே, அறிகுறி இல்லாதவர்களுக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம்.

இ.எஃப். கணக்கிடுபவரைப் பொறுத்துச் சில புள்ளிகள் மாறும். எனவே அதை மட்டும் நம்பாமல், இதயம் சுருங்கி முடிக்கும் தருணத்தில் இடது கீழறையின் விட்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். நோயாளிகள் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடும் அளவு இது. 40 மில்லிமீட்டரைத் தொட்டால் அதுவும் எச்சரிக்கைதான். சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கு அதற்கு முன்பே கவனம் தேவை. இடது மேலறை பெருத்திருப்பது, நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருப்பது, துடிப்பு ஒழுங்கு தவறுவது ஆகியவையும் வருங்காலத்தை முன்கூட்டியே காட்டும்.

‘தொந்தரவு இல்லை’ என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பலர் தம்மை அறியாமலே நடையைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். டிரெட்மில்லில் ஏறினால் உண்மை தெரிந்துவிடும்.

வால்வைச் செப்பனிட முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா என்பதை உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ பெரும்பாலும் சொல்லிவிடும். இதழ் பிதுங்கிக் கசிபவர்களுக்குச் செப்பனிடுவதே மேல். அதில் கைதேர்ந்த அறுவை மருத்துவர் யார் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.