எக்ஸ்போர்ட் செய்தால் கலர் ஏன் மாறுகிறது? எடிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் கலர் அருமையாக இருக்கிறது. மேக்கில் எக்ஸ்போர்ட் செய்து குயிக்டைமில் திறந்தால் வெளிறிப் போகிறது. காண்ட்ராஸ்ட்டை ஏற்றி மறுபடி எடுக்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கிரேடில் (நீங்கள் செய்த கலர் திருத்தத்தில்) கை வைக்காதீர்கள். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலையே டைம்லைனில் பழைய ஷாட்டுக்கு மேலே போட்டு, பிரகாச அளவைக் கோடாகக் காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்து வைத்துக்கொண்டு, மேல் டிராக்கை ஆன் ஆஃப் செய்து பாருங்கள். கோடு அசையவில்லையா? ஃபைலில் குறை இல்லை, பிளேயர்தான் வேறு மாதிரி காட்டுகிறது. கலரை எப்படிப் படிக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்ல, ஃபைலுக்குள் பிரைமரி, டிரான்ஸ்ஃபர், மேட்ரிக்ஸ் என மூன்று எண்கள் டேகாக இருக்கும். 1-1-1 (மூன்றுமே எச்டி வீடியோவுக்கான ரெக்.709 ஸ்டாண்டர்டு) என்றிருந்தால் மேக்கின் கலர் நிர்வாக அமைப்பான கலர்சிங்க் அதைச் சுமார் 1.96 காமா (நடு டோன்களின் பிரகாசத்தைத் தீர்மானிக்கும் எண்) என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 2.4 காமா மானிட்டரில் கிரேட் செய்திருந்தால் நடு டோன்கள் மட்டும் மேலே ஏறி வெளிறும், சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கறுப்பே சாம்பலாகி, வெள்ளையும் மங்கியிருந்தால் அது காமா இல்லை, ரேஞ்ச். வீடியோ ரேஞ்ச் 16 முதல் 235 வரை, ஃபுல் ரேஞ்ச் 0 முதல் 255 வரை. எங்கோ ஒன்று மற்றொன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. எக்ஸ்போர்ட் பக்கத்தில் டேட்டா லெவல்ஸைப் பாருங்கள். எதை மாற்றினாலும் பத்து வினாடி மட்டும் எக்ஸ்போர்ட் செய்து சரிபார்த்த பிறகு முழுசாக எடுங்கள்.

கேள்வி: போனில் எடுத்த வீடியோ. ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டுகின்றன, போகப்போக விலகுகின்றன.

பதில்: வேரியபிள் ஃபிரேம் ரேட். வெளிச்சத்தையும் பிராசஸர் சுமையையும் பொறுத்துப் போன் ஃபிரேம்களை முன்பின்னாக எழுதும், டைம்லைனோ சீரான இடைவெளியை எதிர்பார்க்கும். ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட்டர் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள்.

கேள்வி: முதல் பதில் ரொம்ப நீளம். ரிசால்வில் கலர் ஸ்பேஸை ரெக்.709-ஏ (மேக்குக்கான 709) என்று போட்டால் குயிக்டைமில் சரியாக வந்துவிடுமே?

பதில்: குயிக்டைமில் வரும். அப்புறம் அதே ஃபைலை டிவியில் ஓட்டிப் பாருங்கள், இருண்டு இறுகித் தெரியும். ஏனென்றால் மேக் காட்டுகிற வெளிறிய படத்தைப் பார்த்தே கிரேட் செய்து, காண்ட்ராஸ்ட்டை நீங்களே கூட்டியிருப்பீர்கள்.

அதே நண்பர்: நம் வீடியோவைப் போனில் பார்ப்பவர்கள்தானே அதிகம்? டிவிக்கு ஏன் கிரேட் செய்ய வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி. வெப்புக்கு மட்டும் என்றால் 709-ஏ வைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. ஆனால் நாளைக்கு அதே வேலையை யாராவது திரையிடக் கேட்டால் மாஸ்டர் கெட்டுப்போயிருக்கும்.

இன்னொருவர்: அப்போது 2.2 காமாதான் நடுநிலை. ஸ்டாண்டர்டே தெளிவாக இல்லாதபோது எதற்கு 2.4?

பதில்: இந்தக் குழப்பத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது. 709 கேமரா பக்கத்து வளைவை மட்டும்தான் சொன்னது, திரை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. 2011இல் வந்த பிடி.1886 என்ற திரைகளுக்கான ஸ்டாண்டர்டுதான் 2.4ஐ எழுத்தில் வைத்தது, அதுவும் மங்கிய வெளிச்சமுள்ள அறையை மனதில் வைத்து. ஜன்னல் திறந்த அறையில் கம்ப்யூட்டர் திரையில் வேலை செய்கிறவருக்கு 2.2 பொருந்தும். ஆக, நடுநிலை என்று ஒரு எண் கிடையாது, அறைக்கு ஏற்ற எண்தான் உண்டு. எதைத் தேர்ந்தாலும் மானிட்டரும் ப்ராஜெக்ட் செட்டிங்கும் ஒன்றையே சொல்லட்டும்.

கேள்வி: எஸ்-லாக்3 (சோனி கேமராவின் காண்ட்ராஸ்ட் குறைந்த ரெக்கார்டிங் முறை) லட் (அதைச் சாதாரண கலராக மாற்றும் ஃபைல்) போட்டால் முகம் வெந்ததுபோல் சிவக்கிறது.

பதில்: கேமராவில் எஸ்-லாக்3இல்தான் எடுத்தீர்களா? சாதாரண 709 ஷாட் என்றால் காண்ட்ராஸ்ட் இரண்டு முறை ஏறுகிறது, லட்டை எடுத்துவிடுங்கள். லாக்தான் என்றால் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் லட்டுக்கு முந்தைய நோடில் (திருத்தப் படியில்) சரிசெய்யுங்கள். லட் வெட்டித் தள்ளிய ஹைலைட்டை அதற்குப் பின்னால் எந்தக் கலர் வீலைத் திருப்பினாலும் மீட்க முடியாது.

கேள்வி: எக்ஸ்போர்ட் எப்போதும் ஒரே சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: ஒரே இடம் என்றால் குற்றவாளி அந்த ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பொடி இரைச்சலைக் குறைக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருந்தால் அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் ஐந்து வினாடி மட்டும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பியிருக்கும், அந்த ஷாட்டை மட்டும் தனியாக ரெண்டர் செய்து டைம்லைனில் மாற்றிவைத்தால் போதும். இடம் மாறி மாறி நின்றால் ஹார்ட்வேர் என்கோடரை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் வீடியோவும் குயிக்டைமில் வெளிறுகிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதில்.

கேள்வி: போன் வீடியோ, ஆடியோ சிங்க் ஆகவில்லை...

பதில்: இரண்டாவது பதில். கேட்கும் முன் மேலே ஒரு கண் ஓட்டக் கூடாதா?

கேள்வி: எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் நல்லது?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: வானத்தில் படிப்படியாகக் கோடுகள் விழுகின்றன. 10 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் போகுமா?

பதில்: எடுத்ததே 8 பிட் என்றால் போகாது. ஒரு சேனலுக்கு 256 படிகள்தான் இருந்தன, நீங்கள் காண்ட்ராஸ்ட்டை இழுத்ததும் இடைவெளி வெளியே தெரிகிறது. லேசாக கிரெயின் (ஃபிலிம் போன்ற பொடி இரைச்சல்) சேர்த்தால் படிகள் கலையும். கிரெயினைக் கம்ப்ரெஷன் விழுங்கிவிடும், அதனால் பிட்ரேட்டைச் சற்று உயர்த்துங்கள். இதற்கும் அதே பத்து வினாடி சோதனைதான், வானம் உள்ள ஷாட்டில்.