குறட்டை நிற்கும் அந்த நேரம்

“சில நாள் ராத்திரி குறட்டை தானாகவே நின்றுவிடுகிறது. கொஞ்சம் கழித்துத் திடுக்கென்று மூச்சை இழுத்துப் புரண்டு படுக்கிறான். குறட்டை நின்ற அந்த நேரத்தில்தான் எங்களுக்கும் கண் அசருகிறது.”

மும்பை ஆன்டாப் ஹில்லிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது இந்த வரிகளுக்கு மட்டும்தான், அம்மா. உங்கள் மகனின் எக்ஸ்ரேயில் அடினாய்டு சதையால் 80 சதவீதம் அடைப்பு என்று இருப்பதற்கோ, முகம் நீண்டுபோகும் என்று யூடியூபில் பார்த்ததற்கோ போடவில்லை.

குறட்டை விடுகிற குழந்தைக்குக் கஷ்டப்பட்டாவது காற்று போய் வருகிறது. குறட்டை நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அடினாய்டு மூக்கின் பின்கோடியில், உள்நாக்குக்கும் மேலே, வாயைத் திறந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும் சதை. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுகி நின்று மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளரும். ஏற்கெனவே குறுகிப்போன வழி அப்போது மூடிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் இறங்குவதைக் கண்டு மூளை பிள்ளையை உலுக்குகிறது. உங்கள் காதில் விழும் அந்தத் ‘திடுக்’ அதுதான். அவன் கண் திறக்க மாட்டான், காலையில் கேட்டால் சொல்லவும் தெரியாது. ஆனால் தூக்கம் உடைந்துவிட்டது. பெரியவர்களுக்கு 10 நொடி மூச்சு நின்றால்தான் கணக்கில் எடுப்போம். குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு.

நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் ஐந்து வயதில் திரும்பியது, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் சொன்னது, ஒரு வருஷமாக எடை ஏறாதது எல்லாவற்றையும் தனித்தனி நோயாக எழுதியிருக்கிறீர்கள். இவை மூன்றும் உடைந்த தூக்கத்தோடு சேர்ந்து வரக்கூடியவை. தூக்கம் போதாத பெரியவர் தூங்கி வழிவார்; குழந்தையோ ஓடும், கத்தும், பிடிவாதம் பிடிக்கும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். “அசந்து தூங்குறான், அதான் குறட்டை” என்று உங்கள் மாமியார் சொல்வதைப் போலத்தான் நம் வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லிவந்தார்கள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வையுங்கள். கனவு காணும் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம். மூச்சு நிற்பதும் அப்போதுதான் மோசமாகும். பையனின் சட்டையைக் கழற்றி, விளக்கைப் போட்டு, முகமும் நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறதா, நெஞ்சு அமுங்கும்போது வயிறு உப்புகிறதா, தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குகிறானா என்று பாருங்கள். பகலில் எங்கள் அறைக்கு வரும் குழந்தை மேஜை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து யாராலும் ராத்திரியை ஊகிக்க முடியாது. போன வருஷம் ஒரு அப்பா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். நாற்பது நொடி வீடியோ. அதில் பதினாறு நொடி அந்தப் பெண் குழந்தைக்கு மூச்சில்லை. அதற்கு முன் ஆறு மாதமாக அவளுக்குச் சளி மருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீடியோவோடு இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சயான் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். அதற்குள் உதடு நீலம் பாய்ந்தாலோ, விழித்திருக்கும்போதே விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்கினாலோ எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இப்போது நான் கொஞ்சம் கடிந்து பேச வேண்டிய இடம். ரீல்ஸில் பார்த்துவிட்டு, மூக்கால் மூச்சு விடப் பழகட்டும் என்று இரண்டு ராத்திரி அவன் வாயில் டேப் ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வாய். அதை மூடலாமா? வீட்டில் அந்த டேப் இருந்தால் இப்போதே குப்பையில் போடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய, மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து இரண்டு மாதமாக ஓடுகிறது. அது ஐந்து நாளைக்கு மேல் போனால், சொட்டு விட்டதும் மூக்கு திறந்து, மருந்தின் வேகம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். நிறுத்துங்கள். ஒரு வாரம் சிரமமாக இருக்கும். வெறும் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சமாளிக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாண்டெலுகாஸ்ட் என்ற ஒவ்வாமை, ஆஸ்துமா மாத்திரையையும் கொடுக்காதீர்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான எச்சரிக்கை போட்ட மருந்து அது.

மற்ற பயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது பையன் அழுதாலும் விழுங்கினாலும் படம் மாறும். அந்த 80-ஐ வைத்து மட்டும் யாரும் முடிவெடுப்பதில்லை. அடினாய்டை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாது. தொண்டையைச் சுற்றி அதே வேலை செய்யும் திசு நிறைய இருக்கிறது. அதை எடுத்ததால் ஞாபக மறதி நோயும் வராது. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான் என்கிறீர்களே, அதை மட்டும் விடாதீர்கள். மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாயின் வாயை இந்தச் சதை அடைத்தால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். 1868-ல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் அடினாய்டு வளர்ச்சியை விவரித்து எழுதக் காரணமே காது மந்தமாகி வந்தவர்கள்தான். அதே நாளில் கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வேண்டாம். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை வளர்ந்து, பிறகு தானே சுருங்கும் சதை இது. வெறும் மூக்கடைப்பும் குறட்டையும் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மருத்துவர் இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பார். ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம். உடம்பில் சேர்வது மிகக் குறைவு. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. ஸ்ப்ரேயின் முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். தினமும் அடிக்க வேண்டும். ஒவ்வாமையும் சேர்ந்திருந்தால் வீட்டையும் பாருங்கள். மழை தொடங்கியதும் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது என்றும், அந்தச் சுவரோரமாகத்தான் அவன் படுக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படுக்கையை இன்றே இடம் மாற்றுங்கள். கொசுவர்த்திச் சுருளை நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு மூச்சு நிற்கிறது. மருத்துவர் அறுவை சிகிச்சை என்று சொன்னால் திகைக்காதீர்கள். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியானது. காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. அதனால் இலேசாக இருந்தால் காத்திருக்கவும் சொல்வார்கள். எவ்வளவு மோசம் என்பதில் சந்தேகம் இருந்தால் ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்குப் படுக்க வைப்பார்கள்.

கடைசிப் பக்கத்தில் மையைக் கீறி எழுதியிருக்கிறீர்கள்: “மயக்கம் கொடுத்தால் பழைய மாதிரி எழுவானா?” உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த ஒரு கேள்விதான் என்று எனக்குப் புரிகிறது. எழுவான், அம்மா. இது வாய் வழியாகவே செய்யும், அரை மணி முக்கால் மணி நேர வேலை. வெளியே தழும்பு இருக்காது. ஏழு நாடுகளில் 700-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு தடவை மயக்கத்தால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்றது. மயக்க மருத்துவரிடம் மூச்சு நிற்பதை நீங்களே வாயால் சொல்லுங்கள். கடுமையாக இருந்தால் அன்று ராத்திரி கருவி மாட்டிக் கண்காணிப்பார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், தேதியைத் தள்ளிப் போடுவார்கள். உள்நாக்கு பிளவுபட்டிருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் பிறகு பேச்சு மூக்கால் ஒழுகக்கூடும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம், பத்து நாள் வாய் நாறும், குரல் மாறியிருக்கும். இரண்டும் தானாகப் போய்விடும். தூங்கும்போது அவன் எதையோ விழுங்கிக்கொண்டே இருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். ரத்தம் வெளியே தெரியாமல் தொண்டைக்குள் இறங்கினால் அப்படித்தான் இருக்கும். அப்போது டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.