கம்பளியா, கறியா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் கூக்காலில் பத்து செம்மறி வைத்திருக்கிறேன். இங்கே மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் பாரத் மெரினோ இனக் கிடா ஒன்று வாங்க எண்ணம். கம்பளி, கறி இரண்டிலும் காசு பார்க்கலாம் என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?
- கூக்கால் வாசகர்

பதில்: தாராளமாக வாங்குங்கள் தம்பி. ஆனால் கணக்கைக் கறியில் போடுங்கள். ராஜஸ்தானின் அவிகாநகரில் சோக்லா, நாலி, மால்புரா ஆடுகளோடு ராம்பூலே, ரஷ்ய மெரினோ என்ற சீமைக் கிடாக்களைச் சேர்த்து உருவாக்கிய இனம் இது. முக்கால் பங்கு சீமை ரத்தம் என்பதால் நம் மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறது.

கிடா பார்க்கும்போது விலாவில் முடியை வகிர்ந்து பாருங்கள். மேலே மண்ணும் தூசியுமாகப் பழுப்பேறி இருக்கும். உள்ளே வெளுப்பாக, நெருக்கமான நெளியோடு இருக்க வேண்டும். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும், அது நல்லதுதான். தொடையில் முடி முரடாக இருந்தால் வேறு கிடா பாருங்கள். அப்புறம் முதுகெலும்பில் கை வைத்து அழுத்துங்கள். கம்பளிக்குள் எலும்பும் தோலுமான கிடாகூடப் புஷ்டியாகத் தெரியும். கறிக்கடைக்காரர் ஏமாற மாட்டார், தொட்டுப் பார்த்துத்தான் விலையே பேசுவார்.

பத்து ஆட்டுக் கம்பளிக்காக எந்த வியாபாரியும் மலையேறி வரமாட்டார். அக்கம்பக்கத்து ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து கொடுத்தால் பேச்சு நடக்கும். வயிற்று முடியையும் புழுக்கை ஒட்டிய வால்பக்க முடியையும் தனியே பிரித்துவிடுங்கள். கலந்து மூட்டை கட்டினால் நல்ல முடியும் மட்ட விலைக்குத்தான் போகும். விலை இல்லையென்று கத்தரிக்காமலும் விட முடியாது. இது தானாக முடி உதிர்க்காத இனம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பழுகல் வரும். மழைக்கு முன்பே குளம்பைச் சீவிவிடுங்கள். மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் கால் நனைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு வாய்கூடக் குடிக்க விடாதீர்கள். தாமிரம் செம்மறியின் ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைத் திடீரெனச் சாய்த்துவிடும். துத்தநாக சல்பேட் கிடைத்தால் அதுவே மேல்.

இரண்டு வருடத்தில் கிடாவை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் மகள்களோடேயே சேரும்.

கேள்வி: நீலகிரி ஆடும் பாரத் மெரினோவும் ஒன்றா?
- கோத்தகிரி வாசகி

பதில்: இல்லையம்மா. நீலகிரி ஆடு 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவானது. அதை ஊட்டி பக்கத்திலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். உங்களுக்கு மன்னவனூரைவிட அதுதான் பக்கம். அங்கேயே கேட்டுப் பாருங்கள்.