வால்வு புதிது, ஓரத்தில் ஏன் கசிகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 77. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திப் பெருந்தமனி வால்வை மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த எக்கோ அறிக்கையில் 'வால்வைச் சுற்றி லேசான கசிவு' என்று இருக்கிறது. டாக்டர் பயப்பட வேண்டாம் என்கிறார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. புது வால்வு எப்படிக் கசியும்? அளவு தவறிப் போட்டுவிட்டார்களா? ஓரத்தில் கசியாத மாதிரி வால்வைச் செய்யவே முடியாதா?

பதில்: அளவு தவறிவிட்டது என்ற முடிவுக்கு இந்த ஒரு வரியை வைத்து வர முடியாது. கதீட்டர் வழியாக வைக்கும் வால்வுகளில் லேசான ஓரக் கசிவு சகஜம். ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் நடத்தி 2019-இல் வெளியான பார்ட்னர் 3 ஆய்வில், கதீட்டர் வால்வு வைத்தவர்களில் 100-க்கு சுமார் 29 பேருக்கு ஓராண்டு முடிவில் லேசான கசிவு இருந்தது. அறுவை சிகிச்சையில் தைத்தவர்களில் அது 100-க்கு 2 பேர்தான். கவலைப்பட வேண்டிய நடுத்தர, கடுமையான கசிவோ இரண்டு தரப்பிலும் 1 சதவீதத்துக்கும் கீழே. உங்கள் அம்மாவின் டாக்டர் சொன்னது இதை வைத்துத்தான் இருக்கும்.

'கசியாத மாதிரி செய்ய முடியாதா' என்பதுதான் என் வேலையே. வால்வின் வெளிப்புறத்தை, அதாவது உடலோடு ஒட்டும் பக்கத்தை வடிவமைப்பதும் சோதிப்பதும்தான் நான் செய்வது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கசிவது வால்வின் இதழ்கள் வழியாக அல்ல. இதழ்கள் சரியாக மூடிக்கொள்கின்றன. வால்வின் சட்டத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் திசு வளையத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு சந்து இருக்கிறது. கதவு நன்றாகச் சாத்துகிறது, நிலைக்கும் சுவருக்கும் இடையில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையில் சர்ஜன் பழைய வால்வை வெட்டி எடுக்கிறார், படிந்த சுண்ணாம்பைச் சுரண்டுகிறார், புது வால்வின் துணி வளையத்தைச் சுற்றிலும் தையல் போட்டு இறுக்குகிறார். கதீட்டர் முறையில் இது எதுவும் நடப்பதில்லை. பழைய வால்வு அங்கேயேதான் இருக்கிறது. புது வால்வின் உலோகச் சட்டம் விரிந்து அதை ஓரமாக அழுத்தித் தள்ளுகிறது, அவ்வளவுதான். சட்டம் விரியும்போது வட்டமாக விரியப் பார்க்கும். திசு வளையமோ நீள்வட்டம். அதன்மேல் கல் மாதிரி இறுகிய கால்சியம் கட்டிகள் வேறு. சட்டம் ஒரு கட்டியின் உச்சியைத் தொட்டு நிற்கும்போது, கட்டியின் இரு பக்கமும் முக்கோணமாக இடைவெளி விழுகிறது. கசிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அந்த இடைவெளி சின்னதுதானே என்று தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் வேளையில் பெருந்தமனியில் அழுத்தம் 80 மில்லிமீட்டர் பாதரசம், கீழே இடது வெண்ட்ரிக்கிளில், அதாவது இதயத்தின் இடது கீழறையில், 10. நடுவில் இருக்கும் 70 மில்லிமீட்டர் வித்தியாசம் ரத்தத்தை நொடிக்கு 4 மீட்டருக்கும் மேலான வேகத்தில் சந்துக்குள் பீய்ச்சும். சந்தின் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் என்று வைப்போம். சட்டைப் பித்தானில் நூல் கோக்கும் துளைகள் இரண்டைச் சேர்த்தால் வருமே, அந்த அளவு. ஓய்வு நேரம் அரை நொடி. சந்தைத் தாண்டும்போது தாரை ஒடுங்கிக்கொள்வதையும் கழித்தால், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 8 மில்லிலிட்டர் திரும்பி வந்துவிடும். நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, ஆக 800 லிட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளும் இதயத்துக்கு அது ஒன்பதில் ஒரு பங்குதான், 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் 'லேசானது' என்ற வகையில்தான் வரும். பெரும்பாலான இதயங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தடித்து விறைத்துப் போன இதயத்துக்குத்தான் இந்தக் கூடுதல் சுமை உறுத்தும்.

சரி, இடைவெளி இருக்கிறதென்றால் கொஞ்சம் பெரிய வால்வாக வைத்து இறுக்கிவிடலாமே? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். சிலிக்கோனில் செய்த பெருந்தமனி மாதிரிக்குள் ஒரு கட்டியை ஒட்டி, துடிப்பை உண்டாக்கும் பம்பில் பொருத்தி, நிறம் கலந்த திரவத்தை ஓட்டிப் பார்ப்போம். ஒரு சமயம் கசிவு நிற்கவே இல்லை, ஒரு அளவு பெரிய சட்டத்தைப் போட்டேன். ஓரத்தில் நிறம் வருவது நின்றது. சந்தோஷமாக மேலிருந்து கேமராவில் பார்த்தால், இதழ்கள் மூன்றும் மூடும்போது காற்றாடி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. சட்டம் முழுதாக விரிய இடமில்லாததால் இதழ்கள் இருந்த இடத்துக்கு அதிகமாகிவிட்டன. முறுக்கிய இடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் மடிப்பு விழும், அந்த வால்வு சீக்கிரம் கிழியும்.

அது சோதனை மேசை, வேறு ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நோயாளியின் உடம்பில் இறுக்கம் கூடினால் விளைவு மோசம். வால்வு வளையத்துக்குச் சற்றுக் கீழேதான் இதயத்தின் மின்கடத்தும் இழைகள் செல்கின்றன. அங்கே சட்டம் அழுத்தினால் துடிப்பு தடைபட்டு நிரந்தரமாக பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இன்னும் மிஞ்சினால் கால்சியம் கட்டி திசுவைக் கிழித்து வளையமே பிளந்துவிடும், அரிதானது என்றாலும் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கசிவை விட்டுவைப்பதா, இந்த ஆபத்தை இழுத்துக்கொள்வதா என்று அந்த நேரத்தில் டாக்டர் எடை போடுகிறார். உங்கள் அம்மாவுக்கு 'லேசான' கசிவோடு நிறுத்தியது அப்படி ஒரு நிதானமான முடிவாகவும் இருக்கலாம்.

ஆகவே இறுக்கத்தைக் கூட்டாமல் சந்தை அடைக்க வேண்டும். பிளம்பர் குழாய் மரையில் என்ன செய்கிறார்? ஸ்பேனரால் இன்னும் முறுக்கினால் மரை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் டேப்பைச் சுற்றுகிறார். அந்த டேப் மாதிரிதான் வால்வின் வெளிப்பாவாடை, அதாவது சட்டத்துக்கு வெளியே சுற்றும் உறை. 2002-இல் பிரான்சின் ருவான் நகரில் அலான் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கதீட்டர் வழியாக வால்வு வைத்தபோது இப்படி எதுவும் இல்லை. ஆரம்ப கால வால்வுகளில் நடுத்தரக் கசிவு இப்போதைவிட மிக அதிகம். லேசான கசிவு உள்ளவர்களிலும் பின்னாளில் இறப்பு கூடுதலாக இருந்ததாக 2012-இல் பார்ட்னர் ஆய்வின் இரண்டாண்டு முடிவுகள் காட்டியதும் இந்தத் துறையே விழித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த வால்வுகளில் சட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு வெளியே பாலியெஸ்டர் துணி தொளதொளவென்று சுற்றப்பட்டது. சில வால்வுகளில் துணிக்குப் பதில் பன்றியின் இதய உறைத் திசு. கட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் அது போய் நிரம்பும். முழுதாக அடைக்காவிட்டாலும் பயன் உண்டு. மிக மெல்லிய சந்தில் ரத்தத்தின் பிசுபிசுப்பே ஓட்டத்தைத் தடுக்கிறது. சந்தின் உயரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் துணி உள்ளே நுழைந்து சந்தை ஒடுக்கி, பாதையையும் நீட்டிவிட்டாலே பாதி வெற்றி.

துணியைத் தடிமனாகவே வைத்துவிடலாமே என்றால், அதற்கும் தடை இருக்கிறது. இந்த வால்வு முழுவதும் சுருங்கித் தொடை ரத்தக்குழாய் வழியாகப் போக வேண்டும். பழைய வால்வுகளுக்கு 22, 24 பிரெஞ்சு அளவுக் குழாய் தேவைப்பட்டது, 24 என்றால் 8 மில்லிமீட்டர். இப்போது பல வால்வுகள் 14 பிரெஞ்சில், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயில் போகின்றன. துணியில் ஒவ்வொரு இழை கூடும்போதும் அந்தக் குழாய் தடிக்கும், வயதானவர்களின் ரத்தக்குழாய் கிழியும் வாய்ப்பும் கூடும். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்காக நாங்கள் நாள்கணக்கில் விவாதித்திருக்கிறோம்.

அளவெடுப்பதும் மாறிவிட்டது. முன்பு எக்கோவில் ஒரே ஒரு விட்டத்தை அளந்து வால்வைத் தேர்ந்தெடுத்தார்கள். நீள்வட்டத்துக்கு ஒரு விட்டம் போதுமா? இப்போது சி.டி. ஸ்கேனில் வளையத்தின் பரப்பு, சுற்றளவு, கட்டிகள் எந்த இடத்தில் என்று எல்லாம் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், கசிவு குறைந்ததில் துணிக்கு இருக்கும் அதே பங்கு இந்த ஸ்கேனுக்கும் உண்டு.

அப்புறம், கடைசி அடைப்பைப் போடுவது நாங்கள் அல்ல, உடம்பு. துணியின் இழைகளுக்குள் முதலில் ரத்தம் உறைந்து படியும், பிறகு திசு மெல்ல ஊடுருவி வளர்ந்து மூடிக்கொள்ளும். இதைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வலி மிகுந்த உதாரணம் உண்டு. செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் தொற்றைத் தடுக்க நல்லெண்ணத்தோடு தையல் வளையத் துணியில் வெள்ளி பூசி சில்சோன் என்ற வால்வை விற்றது. ஆனால் அந்த வால்வுகளில் ஓரக் கசிவு கூடுதலாக இருப்பதை ஆய்வு காட்டியது. கிருமியைக் கொல்லும் வெள்ளி, திசு வளர்ந்து ஒட்டுவதையும் தடுத்திருக்கும் என்று விளக்கினார்கள். 2000 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எந்தப் புதுத் துணியை எடுத்தாலும் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும். பம்பில் ஓடும் திரவத்துக்குத் திசு வளர்க்கத் தெரியாது. திசு வால்வு என்றால் எங்கள் மேசையில் 20 கோடி துடிப்புகள், சுமார் ஐந்தாண்டுக்கு உரியவை, ஓடித் தேற வேண்டும். அப்படித் தேறினாலும் ஒட்டுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை போகும்போது, கசிவு ஒரே இடத்திலா, பல இடங்களிலா, வளையத்தின் சுற்றில் எவ்வளவு பங்கு என்று கேளுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் லேசானது என்பதற்கு அது வலு சேர்க்கும். ஓராண்டு எக்கோவைத் தவறவிடாதீர்கள், இப்போதைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவது கூடினால், காலில் வீக்கம் வந்தால், படுத்தால் மூச்சு திணறினால் உடனே காட்டுங்கள்.

சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போனால், முகம் வெளிறி அசதியாக இருந்தால் காத்திருக்காதீர்கள். குறுகிய சந்தில் வேகமாகப் பீய்ச்சும்போது சிவப்பணுக்கள் உடையலாம். கசிவின் அளவு சிறிதாக இருந்தும் இது நடப்பதுண்டு. ஹீமோகுளோபின், எல்.டி.எச். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் தெரிந்துவிடும். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் எதையும் தானாகக் கொடுக்காமல் முதலில் இதய டாக்டரிடம் போங்கள். வால்வில் தொற்று வந்தாலும் ஓரம் கசியும். பல் பிடுங்குவது போன்ற வேலைக்கு முன் வால்வு வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், முன்கூட்டியே மருந்து தருவார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒருவேளை பின்னால் கசிவு கூடினாலும் வழி இருக்கிறது. கதீட்டர் வழியாகவே சந்துக்குள் சிறிய அடைப்பான் ஒன்றை வைக்கலாம். அதற்கு இடம் தெரிய வேண்டும். வால்வு வைப்பதற்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் குறுந்தகட்டையும், வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டையையும் இன்றைக்கே தேடி எடுத்து ஒரே உறையில் போட்டு வையுங்கள்.